வெளிநாட்டுப் பல்கலைக்கழகத்துடன் கூட்டாய்வு: மதுரைக் கல்லூரி ஆசிரியர்களுக்கு ஒரு வழிகாட்டி

வெளிநாட்டுப் பல்கலைக்கழகங்களுடன் புரிந்துணர்வு ஒப்பந்தம் செய்துகொள்ளாத கல்லூரி இன்று அரிது. கையெழுத்தாகும் நாளில் பொன்னாடை போர்த்துகிறார்கள், படம் எடுக்கிறார்கள், மறுநாள் நாளிதழில் செய்தி வருகிறது. ஓராண்டு கழித்து அந்த ஒப்பந்தத்தால் யார் எங்கே போனார், எந்த ஆய்வு நடந்தது என்று கேட்டால் பல இடங்களில் பதில் இல்லை. ஒப்பந்தத்தை முதலில் போட்டுவிட்டு ஆய்வைப் பிறகு தேடுவதுதான் இதற்குக் காரணம் என்று உறுதியாக நம்புகிறேன். நிலைத்து நின்ற கூட்டுறவுகள் எல்லாம் எதிர்த் திசையில் வளர்ந்தவை. ஒரு கேள்வி, அதில் அக்கறையுள்ள இரண்டு பேர், ஒரு சின்ன வேலை, அதற்குக் கொஞ்சம் பணம், கடைசியில்தான் ஒப்பந்தம். புதிதாகப் பணியில் சேர்ந்த உதவிப் பேராசிரியர்களுக்காகவும், பன்னாட்டு உறவுகளின் பொறுப்பு திடீரென்று கைக்கு வந்துவிட்ட ஒருங்கிணைப்பாளர்களுக்காகவும் அந்த வரிசையிலேயே எழுதுகிறேன்.

முதல் படி: மதுரையில் மட்டும் கிடைப்பது எது?

வெளிநாட்டுப் பேராசிரியர் ஒருவர் உங்களுடன் சேர்ந்து வேலை செய்ய வேண்டுமென்றால், தன் ஊரில் கிடைக்காத ஒன்று அவருக்கு இங்கே கிடைக்க வேண்டும். நம் வட்டாரத்தில் அது நிறையவே இருக்கிறது. மதுரை காமராசர் பல்கலைக்கழகத்தின் கதையே இதற்குச் சான்று. எம். கே. சந்திரசேகரன் அங்கே உயிரியல் கடிகார ஆய்வை நிலைநிறுத்தினார். அதே வளாகத்தைச் சேர்ந்த ஜி. மாரிமுத்துவும் ஜெர்மன் விலங்கியலாளர் கெர்ஹார்ட் நாய்வைலரும் சேர்ந்து மெகடெர்மா லைரா என்னும் வௌவால் இரை எழுப்பும் ஒலியைக் கேட்டே அதைக் கண்டுபிடிக்கும் விதத்தை ஆராய்ந்து, 1987ஆம் ஆண்டு கட்டுரை வெளியிட்டார்கள். ஜெர்மனியில் சிறந்த கருவிகள் இருந்தன. அந்த வௌவால்களும், அவற்றின் இருப்பிடத்தையும் பழக்கத்தையும் அறிந்தவர்களும் மதுரையில் இருந்தார்கள். இரண்டு தரப்புக்கும் மற்றவர் தேவைப்பட்டார்.

நேஷனல் ஜியாக்ரஃபிக் நிறுவனம் 2005ஆம் ஆண்டு தொடங்கிய, மனித இனத்தின் இடப்பெயர்வை மரபணு வழியே தேடும் ஜீனோகிராஃபிக் திட்டத்தின் இந்தியப் பணியை, காமராசர் பல்கலைக்கழகத்தின் ராமசாமி பிச்சப்பன் வழிநடத்தினார். கீழடிக்கு அருகில் கொந்தகை ஈமக்காட்டில் கிடைத்த மண்டை ஓடுகளிலிருந்து பழங்கால மனிதர்களின் முகத்தை மீட்டுருவாக்க, அதே பல்கலைக்கழகம் இங்கிலாந்தின் லிவர்பூல் ஜான் மூர்ஸ் பல்கலைக்கழகத்துடன் இணைந்தது. அரவிந்த் கண் மருத்துவமனையிலோ போக்குவரத்து வேறு திசையில் நடக்கிறது. குறைந்த செலவில் பெருந்திரளானவர்களுக்குக் கண்புரை அறுவை செய்யும் முறையைக் கற்றுக்கொள்ள மற்ற நாட்டவர் அண்ணாநகருக்கு வருகிறார்கள்.

உங்கள் துறையிலும் இப்படி ஒன்று இருக்கும். வைகைப் பாசனக் கண்மாய்களின் சங்கிலித் தொடர், தமிழ்நாட்டின் முதல் பல்லுயிர்ப் பாரம்பரியத் தலமாக 2022ஆம் ஆண்டு அறிவிக்கப்பட்ட அரிட்டாபட்டி, சமணர் படுக்கைகளில் உள்ள தமிழ் பிராமிக் கல்வெட்டுகள், மல்லிகைச் சந்தை, சௌராட்டிர நெசவாளர்களின் மொழி, ஜல்லிக்கட்டு மாட்டினங்கள் என்று எத்தனையோ. உங்களிடம் உள்ள தரவு, இடம், மொழியறிவு, மக்களின் நம்பிக்கை இவற்றை ஒரு பக்கத்தில் எழுதுங்கள். அந்தப் பக்கம் எழுத வரவில்லையென்றால் வெளிநாட்டுக்கு மின்னஞ்சல் அனுப்பும் நேரம் இன்னும் வரவில்லை என்று பொருள்.

இரண்டாம் படி: ஆளைத் தேடுவது

பல்கலைக்கழகத்தைத் தேடாதீர்கள், ஆளைத் தேடுங்கள். தரவரிசைப் பட்டியலின் உச்சியில் உள்ள பெயர்களுக்கு எழுதுவது வீண். உங்கள் சமீபத்திய கட்டுரையின் மேற்கோள் பட்டியலை எடுத்து, அதில் திரும்பத் திரும்ப வரும் பெயர்களில் இன்னும் இளநிலையில் இருப்பவர்களைப் பாருங்கள். பெரும் பேராசிரியருக்கு நாளொன்றுக்கு எத்தனையோ கடிதங்கள் வரும். சொந்த ஆய்வுக்குழுவை இப்போதுதான் தொடங்கியிருக்கும் ஒருவருக்கு உங்கள் தரவு உண்மையிலேயே தேவைப்படும், பதில் எழுத நேரமும் இருக்கும்.

அருகிலும் தேடுங்கள். அமெரிக்க இந்திய ஆய்வு நிறுவனம் பல ஆண்டுகளாக மதுரையில் தமிழ் வகுப்புகள் நடத்திவருகிறது. அங்கே தமிழ் படிக்க வரும் முனைவர்பட்ட மாணவர்களில் பலர் பின்னாளில் பேராசிரியர்கள் ஆகிறவர்கள். புதுச்சேரியில் 1955ஆம் ஆண்டு முதல் இயங்கும் பிரெஞ்சு நிறுவனம் ஒரு நாள் பயணத் தூரத்தில்தான் இருக்கிறது. வெளிநாடு என்றதும் அமெரிக்காவும் ஐரோப்பாவும் மட்டுமே நினைவுக்கு வருவது எனக்கு வருத்தம் தரும் பழக்கம். யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்திலும் மலாயாப் பல்கலைக்கழகத்தின் இந்திய ஆய்வியல் துறையிலும் தமிழிலேயே கூட்டாய்வு செய்யலாம். மதுரையிலிருந்து கொழும்புக்கு நேரடி விமானமும் உண்டு. முதல் கூட்டுறவைப் பழகிக்கொள்ள அதைவிட நல்ல இடம் எது?

முதல் கடிதம் திரையை உருட்டாமல் படித்துவிடக் கூடியதாக இருக்கட்டும். அவருடைய எந்தக் கட்டுரையை, எதற்காகப் படித்தீர்கள் என்று இரண்டு வாக்கியம். உங்களிடம் என்ன இருக்கிறது என்று மூன்று வாக்கியம். "மேலூர் வட்டாரத்தில் பன்னிரண்டு கண்மாய்களில் பருவந்தோறும் மீன் கணக்கெடுத்திருக்கிறோம், உங்கள் கணித மாதிரியை இந்தத் தரவில் ஓட்டிப் பார்க்க விரும்புகிறோம்" என்பதுபோல் துல்லியமாக இருக்க வேண்டும். முடிவில் ஒரே ஒரு சிறிய வேண்டுகோள், அரை மணிநேர இணையவழிப் பேச்சு போன்றது. முதல் கடிதத்திலேயே அழைப்புக் கடிதமோ நிதியோ கேட்டால் உரையாடல் அங்கேயே முடிந்துவிடும். கல்லூரியின் மின்னஞ்சல் முகவரியிலிருந்து அனுப்புங்கள். மூன்று வாரம் பதில் இல்லையென்றால் ஒருமுறை நினைவூட்டுங்கள், பிறகு அடுத்தவரிடம் போங்கள்.

பதில் வந்ததும் பயணத்தைப் பற்றிப் பேசாமல், மூன்று நான்கு மாதங்களில் முடியக்கூடிய ஒரு வேலையைச் செய்யுங்கள். ஒரு தரவுத் தொகுப்பைச் சேர்ந்து சரிபார்க்கலாம், இரு வகுப்பு மாணவர்களுக்கும் பொதுவான இணையக் கருத்தரங்கு நடத்தலாம். சொன்ன தேதியில் சொன்னதை அனுப்புகிறவர் என்ற நம்பிக்கை இந்தக் கட்டத்தில்தான் உருவாகிறது. பின்னால் நிதி விண்ணப்பத்தில் அவர் உங்களுக்காக எழுதப்போகும் கடிதத்தின் அழுத்தம் இதைப் பொறுத்தது.

மூன்றாம் படி: பணம்

நிதித் திட்டங்களை நாடுவாரியாகப் படித்தால் தலை சுற்றும். யார் விண்ணப்பிக்க வேண்டும் என்ற ஒரே கேள்வியால் பிரித்துப் பாருங்கள், தெளிவாகிவிடும்.

நீங்களே விண்ணப்பிப்பவை ஒரு வகை. அமெரிக்கா செல்ல ஃபுல்பிரைட்-நேரு நல்கை. ஆசிரியர்களுக்கான பிரிவில் நான்கு முதல் ஒன்பது மாதம்வரை தங்கலாம். முனைவர் பட்டம் முடித்து நான்கு ஆண்டுக்குள் இருப்பவர்களுக்கு முதுமுனைவர் பிரிவு தனியாக உண்டு. இதை நடத்தும் அமெரிக்க-இந்தியக் கல்வி அறக்கட்டளைக்குச் சென்னையில் அலுவலகம் இருக்கிறது. விண்ணப்பம் வழக்கமாக ஜூலை நடுவில் முடியும், பயணமோ அடுத்த கல்வியாண்டில்தான். அதாவது இன்று முடிவெடுத்தால் விமானம் ஏற ஓராண்டுக்கு மேல் ஆகும். இந்த நல்கையில் செல்பவர்கள் முடிந்ததும் தாய்நாட்டில் இரண்டு ஆண்டுகள் இருந்த பிறகே அமெரிக்காவில் வேலை அல்லது குடியேற்ற விசா கேட்க முடியும் என்ற விதியையும் குடும்பத்தாரிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

ஜெர்மனிக்கு இரண்டு வாசல்கள். டாட் எனப்படும் ஜெர்மன் கல்விப் பரிமாற்ற அமைப்பு, பல்கலைக்கழக ஆசிரியர்களுக்கு ஒன்று முதல் மூன்று மாத ஆய்வுத் தங்கலுக்கு நிதி தருகிறது. நீண்ட விடுப்பு கிடைக்காத கல்லூரி ஆசிரியருக்கு இது மிகவும் ஏற்றது. அலெக்சாண்டர் ஃபான் ஹம்போல்ட் அறக்கட்டளைக்கு ஆண்டு முழுவதும் விண்ணப்பிக்கலாம், ஆனால் ஜெர்மனியில் உங்களை ஏற்கும் பேராசிரியரின் ஒப்புதல் கையில் இருக்க வேண்டும். அனுபவமுள்ள ஆய்வாளர்களுக்கான ஹம்போல்ட் நல்கையை மூன்று தவணைகளாகப் பிரித்துப் போய்வரலாம், உடன்வரும் குடும்பத்துக்கும் உதவித்தொகை உண்டு. பள்ளி செல்லும் பிள்ளைகளை வைத்துக்கொண்டு "ஒரு வருஷம் எப்படி?" என்று ஒதுங்கிவிடும் ஆசிரியைகள் இந்த விதியைத் தெரிந்துகொள்ள வேண்டும். பிரிட்டனில் கலை, மானுடப் புலங்கள், மரபுப் பாதுகாப்புத் துறையினர் சில வாரங்கள் நூலகத்திலோ ஆவணக் காப்பகத்திலோ வேலை செய்ய சார்லஸ் வாலஸ் இந்தியா அறக்கட்டளை உதவுகிறது. அது முழுச் செலவையும் ஏற்காது, பங்களிப்புதான்.

அவர்கள் விண்ணப்பிக்க வேண்டியவை இன்னொரு வகை. ஐரோப்பிய ஒன்றியத்தின் எராஸ்மஸ் பிளஸ் திட்டத்தில் ஆசிரியர் பரிமாற்றத்துக்கு ஐரோப்பியப் பல்கலைக்கழகம்தான் விண்ணப்பிக்கும். ஜப்பானின் அறிவியல் வளர்ச்சிக் கழகம் (ஜே.எஸ்.பி.எஸ்.) தரும் அழைப்பு நல்கைக்கும் அங்குள்ள பேராசிரியரே விண்ணப்பிக்கிறார். குறுகிய கால அழைப்பு 14 முதல் 60 நாள்வரை. இந்த வகையில் முந்தைய படியில் செய்த சின்ன வேலைக்கு முழுப் பலன் கிடைக்கும். தெரியாத ஒருவருக்காக யாரும் நாற்பது பக்க விண்ணப்பம் நிரப்ப மாட்டார்கள்.

அவர்களை இங்கே வரவழைக்கவும் பணம் இருக்கிறது. இந்திய அரசு 2015ஆம் ஆண்டு தொடங்கிய கியான் திட்டம், வெளிநாட்டுப் பேராசிரியர் ஓரிரு வாரப் பாடம் நடத்த வழிசெய்தது. 2018ஆம் ஆண்டு வந்த ஸ்பார்க் திட்டம் இருதரப்புக் கூட்டாய்வுக்கானது. தேசியத் தரவரிசையிலோ, கல்லூரிகளின் தரத்தை அளவிடும் நாக் அமைப்பின் மதிப்பீட்டிலோ குறிப்பிட்ட தகுதி உள்ள நிறுவனங்களுக்கே அது கிடைக்கும். ஃபுல்பிரைட் ஸ்பெஷலிஸ்ட் திட்டத்தில் அமெரிக்க வல்லுநர் ஒருவர் இரண்டு முதல் ஆறு வாரம் உங்கள் கல்லூரிக்கு வரலாம். அழைப்புகள் ஆண்டுக்கு ஆண்டு மாறும் என்பதால் அந்தந்த இணையதளத்தில் நடப்பு அறிவிக்கையைப் பார்த்த பிறகே திட்டமிடுங்கள். அறிவியல் துறையினர் இனி அனுசந்தான் தேசிய ஆராய்ச்சி அறக்கட்டளையின் அறிவிப்புகளைக் கவனிக்க வேண்டும். முன்பு அறிவியல் ஆய்வுகளுக்கு நிதி தந்த செர்ப் வாரியம் அதில்தான் கரைந்திருக்கிறது. சமூக அறிவியலாருக்கு இந்திய சமூக அறிவியல் ஆராய்ச்சிக் குழு (ஐ.சி.எஸ்.எஸ்.ஆர்.) உண்டு.

கல்லூரியின் சொந்த நிதி

மேலே சொன்ன எதுவும், கல்லூரி தன் பையிலிருந்து ஒரு சிறு தொகையாவது வைக்காதவரை புதியவர்களுக்கு எட்டாது. முழு நல்கை கிடைத்தவருக்குக்கூட விசாக் கட்டணம், சென்னைக்கு நேர்காணல் பயணம், காப்பீடு, முதல் மாத வாடகை என்று முன்பணம் கையிலிருந்துதான் போகிறது. ஐரோப்பாவின் ஷெங்கன் விசாவுக்குக் குறைந்தது 30,000 யூரோ மதிப்புள்ள மருத்துவக் காப்பீடு கட்டாயம். இதையெல்லாம் திரும்பி வந்து ரசீது கொடுத்தால் தருகிறோம் என்று சொல்வது, வசதி உள்ளவரை மட்டும் அனுப்பும் ஏற்பாடாகிவிடுகிறது.

எனவே நிர்வாகத்திடம் ஒருங்கிணைப்பாளர் கேட்க வேண்டியது இது. ஆண்டுக்கு ஒரு நிலையான தொகை, அது ஐந்து லட்சமாக இருந்தாலும் போதும். ஒருவருக்கே முழுச் செலவையும் கொடுக்காமல், வெளி நல்கையோ ஏற்கும் நிறுவனத்தின் தங்குமிடமோ உறுதியானவர்களுக்கு விமானக் கட்டணமும் விசாச் செலவும் முன்பணமாகக் கொடுப்பது. மாநாட்டில் பதினைந்து நிமிடம் படித்துவிட்டு வருவதற்குக் குறைவாகவும், ஒரு மாதம் ஆய்வகத்திலோ ஆவணக் காப்பகத்திலோ உட்கார்ந்து வேலை செய்வதற்கு அதிகமாகவும் ஒதுக்குவது. கட்டணம் வாங்கிக்கொண்டு யாரை வேண்டுமானாலும் பேச்சாளராக்கும் பெயரளவு "பன்னாட்டு மாநாடுகளுக்கு" ஒரு ரூபாயும் தரக் கூடாது.

இதில் எனக்கு மிகவும் முக்கியமாகப் படுவது சுயநிதிப் பிரிவு ஆசிரியர்களின் நிலை. நம் கல்லூரிகளில் வகுப்பெடுப்பவர்களில் பெரும் பகுதியினர் அவர்கள்தான். குறைந்த தொகுப்பூதியம், விடுப்பெடுத்தால் சம்பளப் பிடித்தம். திறமையான இளம் முனைவர்கள் நல்கை கிடைத்தும் வேலையை விட்டுவிட்டுப் போவதா, நல்கையை விடுவதா என்று தவிக்க நேர்கிறது. விதியை எழுதும்போதே "சுயநிதிப் பிரிவினரும் தகுதியுடையவர், நல்கைக் காலம் பணிக்காலமாகக் கருதப்படும், திரும்பி வந்ததும் அதே பணி உறுதி" என்று மூன்று வரி சேர்த்துவிடுங்கள். அந்த மூன்று வரிக்காக நிர்வாகக் குழுவில் வாதாடுவது தகும்.

நான்காம் படி: காலமும் அனுமதியும்

நம் கோடை விடுமுறை மே மாதம். அமெரிக்கப் பேராசிரியர்களுக்கும் அப்போது விடுமுறை தொடங்கிவிடும், பலர் களப்பணிக்குப் போய்விடுவார்கள். ஜெர்மனியிலோ ஏப்ரல் முதல் ஜூலை வரை வகுப்புகள் நடக்கின்றன, ஆள் ஊரில் இருப்பார். ஒரு மாதத் தங்கலுக்கு மதுரையிலிருந்து மே மாதத்தில் ஜெர்மனி போவது இரண்டு பக்கத்துக்கும் பொருந்துகிறது. ஆண்டின் மற்ற மாதங்களில் போவதென்றால் உங்கள் பாடங்களை யார் எடுப்பார்கள் என்று துறைத்தலைவரிடம் எழுத்தில் ஒப்புதல் வாங்கிக்கொள்ளுங்கள். உடன் பணிபுரிபவர் மனக்கசப்போடு கூடுதல் வகுப்பெடுக்கும்படி விட்டுச் செல்லாதீர்கள். அடுத்த பருவத்தில் அவருடைய வகுப்புகளை நீங்கள் எடுப்பதாக முன்பே பேசிவிடுங்கள்.

அரசு உதவிபெறும் கல்லூரி என்றால் தடையின்மைச் சான்று, செயலர் வழியாகக் கல்லூரிக் கல்வி இணை இயக்குநர் அலுவலகம் போய் வர வேண்டியிருக்கும். விண்ணப்பிக்கும்போதே அந்தக் கோப்பைத் தொடங்குங்கள், நல்கை கிடைத்த பிறகு தொடங்கினால் காலம் போதாது.

ஐந்தாம் படி: இப்போது ஒப்பந்தம்

ஒரு கட்டுரையாவது சேர்ந்து எழுதி, ஒருவராவது போய்வந்த பிறகு ஒப்பந்தம் போடுங்கள். அமெரிக்கன் கல்லூரிக்கும் லேடி டோக் கல்லூரிக்கும் ஓஹையோவின் ஓபர்லின் கல்லூரியைச் சார்ந்த சான்சி அமைப்புக்கும் உள்ள உறவு, பல தலைமுறை ஆசிரியர்களையும் பட்டதாரிகளையும் இரு ஊர்களுக்கும் இடையே கொண்டுபோய்க் கொண்டுவந்தது. ஆட்களின் போக்குவரத்துதான் அதைத் தாங்கி நின்றது.

ஒப்பந்தத்தில் "கல்விப் பரிமாற்றத்தை மேம்படுத்துதல்" போன்ற பொது வரிகளால் பயனில்லை. இரு பக்கமும் பொறுப்பாளரின் பதவி, ஆண்டுக்கு எத்தனை பேர் போவார்கள், தங்குமிடத்தை யார் ஏற்பார், எப்போது மறுபரிசீலனை என்று எழுதுங்கள். தன் ஆட்களின் பயணச் செலவைத் தானே ஏற்பது, வருபவரின் தங்குமிடத்தையும் சாப்பாட்டையும் விருந்தோம்பும் நிறுவனம் ஏற்பது என்ற ஏற்பாடு நம் கல்லூரிகளுக்கு எளிது. பணம் எல்லை தாண்ட வேண்டியதில்லை. கல்லூரியின் கணக்குக்கு வெளிநாட்டு நன்கொடை வருவதென்றால் வெளிநாட்டுப் பங்களிப்பு ஒழுங்குமுறைச் சட்டம் குறுக்கே வரும். பதிவோ முன் அனுமதியோ தேவை, பணமும் புது தில்லியில் உள்ள பாரத ஸ்டேட் வங்கியின் முதன்மைக் கிளைக் கணக்கில்தான் வந்து சேர வேண்டும். தனிநபருக்கு வரும் ஆய்வு நல்கை இதில் அடங்காது.

கூட்டுப் பட்டம், இரட்டைப் பட்டம் என்று பேச்சு வந்தால் அது வேறு கோப்பு. பல்கலைக்கழக மானியக் குழுவின் 2022ஆம் ஆண்டு விதிமுறைகளின்படி நாக் மதிப்பெண் 3.01 அல்லது தேசியத் தரவரிசையில் முதல் நூறு போன்ற தகுதிகள் வேண்டும். புதியவர்கள் இதில் தொடங்க வேண்டாம்.

நம் பொருளும் நம் பெயரும்

கூட்டாய்வில் ஒரு பழைய அநீதி இருக்கிறது. மாதிரியும் தரவும் இங்கிருந்து போகும். ஆய்வறிக்கையில் முதல் பெயரும் கடைசிப் பெயரும் அங்கிருந்து வரும். நம்மவர் நடுவில் எங்கோ இருப்பார், கிராமத்தில் வீடு வீடாக நடந்து தகவல் சேகரித்த ஆய்வு உதவியாளர் நன்றியுரையில்கூட இருக்க மாட்டார். இதைத் தடுக்க வேலை தொடங்கும் முன்பே ஒன்றரைப் பக்கத் திட்ட உடன்பாடு எழுதுங்கள். யார் எந்தக் கட்டுரையின் முதலாசிரியர், தரவின் முழுப் படி மதுரையில் எங்கே இருக்கும், களப்பணியாளர் யாருடைய பெயர் எப்படி வரும், முடிவுகளைத் தகவல் தந்த ஊர் மக்களுக்குத் தமிழில் யார் எடுத்துச் சொல்வார் என்பது அதில் இருக்க வேண்டும். நல்ல கூட்டாளி இதைக் கேட்டு மகிழ்வார். முகம் சுளிப்பவருடன் வேலை செய்யாமல் இருப்பதே மேல்.

சட்டமும் உங்கள் பக்கம் இருக்கிறது. 2002ஆம் ஆண்டின் பல்லுயிர்ப் பாதுகாப்புச் சட்டப்படி வெளிநாட்டவர் இங்குள்ள உயிரின வளத்தை ஆய்வுக்கு எடுக்கச் சென்னையில் உள்ள தேசியப் பல்லுயிர் ஆணையத்தின் அனுமதி வேண்டும். மத்திய அரசின் வழிகாட்டுதலுக்கு உட்பட்டு ஒப்புதல் பெற்ற கூட்டாய்வுகளுக்குத் தனி வழி உண்டு. மனித உடல்நலம் சார்ந்த ஆய்வில் வெளிநாட்டுக் கூட்டோ நிதியோ இருந்தால், கல்லூரியின் நெறிமுறைக் குழுவுக்கு மேல் சுகாதார அமைச்சகத்தின் ஆய்வுக் குழுவும் பார்க்கும். இந்த ஒப்புதல்களுக்கு மாதக்கணக்கில் ஆகும் என்பதால் திட்ட அட்டவணையில் முதலிலேயே இடம் விடுங்கள்.

வருபவர் சுற்றுலா விசாவில் வந்து களப்பணி செய்யக் கூடாது, ஆய்வு விசா தேவை. கல்லூரி விருந்தினர் இல்லத்தில் தங்கினால் அவர் வந்த 24 மணிநேரத்துக்குள், வெளிநாட்டவர் தங்குவதைத் தெரிவிக்கும் படிவத்தை (முன்பு சி படிவம் எனப்பட்டது) இணையத்தில் பதிய வேண்டியது கல்லூரியின் கடமை. விடுதிக் காப்பாளருக்கு இதைச் செய்யக் கற்றுக்கொடுத்துவிடுங்கள்.

போய்வந்த பிறகு

திரும்பிய ஒரு மாதத்துக்குள் துறையில் தமிழில் ஓர் உரை, பயன்பாட்டுச் சான்றிதழ், செலவுக் கணக்கு இந்த மூன்றும் முடிந்துவிட வேண்டும். அதோடு, உங்கள் விண்ணப்பத்தின் படி, அழைப்புக் கடிதம், விசாவுக்குக் கொடுத்த ஆவணப் பட்டியல், அந்த ஊரில் வாடகை வீடு தேடிய விவரம் எல்லாவற்றையும் ஒரே கோப்பாக்கித் துறையில் வைத்துவிடுங்கள். நிராகரிக்கப்பட்ட விண்ணப்பங்களையும் மதிப்பீட்டாளர் குறிப்புகளோடு அதிலேயே சேருங்கள், அடுத்தவர் அவற்றிலிருந்து கற்றுக்கொள்வது அதிகம். ஒருங்கிணைப்பாளர் மாறும்போது கணினிக் கடவுச்சொற்களும் வெளிநாட்டுத் தொடர்பாளர்களின் முகவரிகளும் புதியவரிடம் எழுத்தில் ஒப்படைக்கப்பட வேண்டும், பழையவரே ஓர் அறிமுக மின்னஞ்சல் அனுப்ப வேண்டும். மூன்று ஆண்டுகளாக யாரும் போகவோ வரவோ இல்லாத ஒப்பந்தத்தைப் புதுப்பிக்காமல் விட்டுவிட்டு, அந்த நேரத்தையும் பணத்தையும் நடந்துகொண்டிருக்கும் ஒன்றுக்குக் கொடுங்கள்.